டீச்சர் தராத வாடகை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் சர்க்கரை, முட்டிவலி, பிள்ளைகளின் வேலை என்று பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு வாடகையில் வந்து நின்றுவிடுகிறது. நம் பிள்ளைகள் எல்லாரும் சென்னையிலும் பெங்களூரிலும் யாரோ ஒருவர் வீட்டில்தான் குடியிருக்கிறார்கள். போன மாதம் என் மகள் போனில் அழுதாள். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். காரணம்கூடச் சொல்லவில்லையாம். "அந்த ஆளு மனுஷனே இல்லம்மா" என்றாள். ஆறுதலாக ஏதோ சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்றைக்குப் பூராவும் எனக்கு வேறொரு வீட்டின் நினைப்பாகவே இருந்தது. அந்த வீட்டில் நாங்கள்தான் வீட்டுக்காரர்கள். அங்கே குடியிருந்தவர் எங்களைப் பற்றி யாரிடமாவது போனில் அழுதிருந்தால், இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. வாப்பா வளைகுடாவில் இருந்தார். நானும் உம்மாவும் தம்பியும் தென்காசியில் மாமா வீட்டு மாடியறையில் இருந்தோம். மாமா என்றால் உம்மாவின் அண்ணன். பஜாரில் லுங்கி, துண்டு மொத்த வியாபாரம். கடையில் போன் இருந்தது. வாப்பா பேசினால் அந்தப் போனுக்குத்தான் பேசுவார், பணம் அனுப்பினாலும் மாமா பெயருக்குத்தான் வரும். மாதம் பிறந்தால் மாமா மாடிப்படியின் கீழே நின்று, "இந்தாட்டி, மாப்பிள்ள அனுப்பிருக்காரு" என்று உம்மாவின் கையில் பணத்தைக் கொடுப்பார். உம்மா அதை முந்தானையில் முடிந்துகொண்டு மேலே வருவாள். எங்கள் வீட்டின் வரவு செலவு அவ்வளவுதான்.

எங்களுக்கென்று ஒரு வீடும் இருந்தது. குத்துக்கல்வலசையில் வாப்பா கட்டியது. அப்போது அந்தப் பக்கம் வீடுகளைவிட அளவுக்கல் நட்ட காலி மனைகள்தான் அதிகம். ஒரு ஹால், ஒரு அறை, அடுக்களை, பின்பக்கம் தனியாகக் குளியலறை. மொட்டை மாடியில் அடுத்த தளத்துக்கென்று விட்ட கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருக்கும். ஆண் துணை இல்லாமல் அங்கே தனியாக இருக்க உம்மாவுக்குப் பயம். அதனால் வாடகைக்கு விட்டிருந்தோம். குடியிருந்தவர் ஒரு டீச்சர். சின்ன நர்சரிப் பள்ளியில் வேலை. சாயங்காலம் வீட்டில் ட்யூஷன். அவர் கணவர் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டினார். எப்போதாவது வருவார். என்னைவிட ஒரு வகுப்பு கம்மியாக ஒரு மகள். வாடகை வாங்கிச் சேர்த்து வைப்பது, வரி கட்டுவது எல்லாம் மாமாவின் பொறுப்பு.

அந்த வருஷம் கோடையில் வாப்பா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். வளைகுடாவிலிருந்து வருபவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் வண்டியின் தலையில் ஏறி வரும். வாப்பாவோடு வந்தது ஒரு சூட்கேஸ், புலிப் படம் போட்ட ஒரு கம்பளி, ஒரு டேப் ரிக்கார்டர். அவ்வளவுதான். கம்பளி அந்தச் சூட்டில் எதற்கும் உதவவில்லை. நானும் தம்பியும் அதன்மேல் படுத்துப் புலியின் மூக்கைத் தடவிக்கொண்டிருப்போம். அதில் வெளிநாட்டு சோப்பு வாசனை அடித்தது. முதலில் லீவு என்றார். சில நாள் கழித்து, கம்பெனியை மூடிவிட்டார்கள் என்றார்.

மாமியைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் வாப்பா வந்த பிறகு மீன் குழம்பில் எங்கள் பக்கம் வால் துண்டுகளாகவே வந்தன. உம்மாவின் கண்ணுக்கு அதெல்லாம் தப்பாது. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள்:

"அண்ணே, நாங்க எங்க வீட்டுக்கே போயிருதோம். அந்த டீச்சரக் காலி பண்ணச் சொல்லுங்க. இத்தன மாசத்து வாடகையையும் குடுத்தீங்கன்னா அவுக ஒரு தொழிலப் பாத்துக்கிடுவாவ."

மாமா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். தண்ணீர் குடித்தார். பிறகு, "அவ எங்கட்டி குடுக்கா? வருசமாகப் போகுது. நான் போனா கதவையே தெறக்க மாட்டா" என்றார்.

"ஒரு வருசமாவா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அண்ணே."

"ஒன்னைய எதுக்குக் கலங்கடிக்கணும்னுதான்."

எதிரில் வாப்பா சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார். அந்த உருண்டை வாய்க்குப் போகவில்லை. வேலை போன மனிதர், இப்போது வாடகையும் போச்சே என்று வருத்தப்படுகிறார் என்றுதான் நான் நினைத்தேன். உம்மாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

மறுநாளே உம்மா என்னைக் கூட்டிக்கொண்டு குத்துக்கல்வலசைக்குப் பஸ் ஏறினாள். டீச்சர் எங்களை உள்ளே அழைத்து நாற்காலி போட்டார். உம்மா உட்காரவில்லை. நின்றபடியே கேட்டாள்.

டீச்சருக்கு முதலில் விளங்கவே இல்லை. "வாடகை பாக்கியா? மாசம் பொறந்தா அண்ணாச்சி வந்து வாங்கிட்டுத்தானக்கா போறாவ. இந்த மாசமும் குடுத்துட்டேனே."

"எங்கண்ணன் பொய் சொல்லுதாவன்னு சொல்லுதியா?"

"நான் அப்படிச் சொல்லலக்கா. நான் குடுத்தேன், அதச் சொல்லுதேன்."

"குடுத்தேன்னா அதுக்கு ஒரு ரசீது, ஒரு துண்டுச் சீட்டு இருக்கும்ல்லா?"

"அண்ணாச்சி கிட்டப் போயி ரசீது கேக்க முடியுமா? பெரிய மனுசன்."

"அந்தப் பெரிய மனுசனத்தான் நீ இப்போ திருடன்னு சொல்லுதே."

டீச்சரின் முகம் சிவந்துபோனது. அவர் மகள் அடுக்களை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பாதி கடித்த மாம்பழம், முழங்கை வரை சாறு வழிந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. நானும் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது உம்மா அந்தத் தெருவில் நின்று நின்று வந்தாள். எதிர்வீட்டுக்காரம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னாள். கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தவளிடம் சொன்னாள். பஸ்ஸுக்கு நின்றவர்களிடமும் சொன்னாள். "வருசமா வாடகை குடுக்காம உக்காந்துக்கிட்டு, குடுத்துட்டேன்னு சாதிக்கா பாத்துக்கோங்க." அந்த ஊரில் எங்களை யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. டீச்சரை எல்லாருக்கும் தெரியும்.

மலைப்பக்கமிருந்து காற்று மாறிச் சாரல் விழத் தொடங்கிய வாரத்தில், உம்மா ஒரு சின்ன வேனைப் பிடித்தாள். கட்டில், பாத்திரம், சூட்கேஸ், புலிக் கம்பளி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நேராக அந்த வீட்டு ஹாலில் போய் இறக்கினாள். "எங்க வீட்டுல நாங்க இருக்கதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றாள். டீச்சர் தன் பாயையும் புத்தகங்களையும் எடுத்து அறைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அறையும் அடுக்களையில் பாதியும் அவருக்கு, ஹாலும் மீதிப் பாதியும் எங்களுக்கு என்று ஆனது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. தானாக அப்படி அமைந்துவிட்டது.

சாரல் காலத்தில் துணி காயாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஹாலின் குறுக்கே உம்மா ஒரு கயிறு கட்டினாள். எங்கள் துணி எல்லாம் அதில் தொங்கும். பகலிலும் வீடு இருட்டிக் கிடக்கும், ஈரத்துணியின் புழுங்கல் நாற்றம் நாள்பூராவும் இருக்கும். டீச்சர் வெளியே போகவேண்டுமென்றால் அந்தத் துணிகளுக்கு அடியில் குனிந்துதான் போகவேண்டும். உம்மாவின் சேலை அவர் தலையில் உரசும். காலையில் நறுவிசாகச் சேலை கட்டி, தலைசீவிப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுகிறவர், தெருவுக்குப் போகும்போது தோளில் ஈரத்தோடு போவார். அடுக்களையில் ஒரு பக்கம் எங்கள் மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு பக்கம் அவருடையது. இரண்டு பெண்களும் முதுகைக் காட்டிக்கொண்டு சமைப்பார்கள். ஒருத்தி கரண்டியைக் கீழே வைக்கும் சத்தத்தில் இன்னொருத்தியின் தோள் தூக்கிப்போடும்.

சாயங்காலம் ட்யூஷன் பிள்ளைகள் வந்தார்கள். உட்கார ஹால் இல்லை. டீச்சர் அவர்களைப் பின்பக்க வராந்தாவில் உட்கார வைத்தார். காற்றடித்தால் சாரல் உள்ளே வரும். நோட்டுகள் நனைந்தன. இரண்டு பிள்ளைகளுக்குச் சளி பிடித்தது. அதுவே ஒரு சாக்காகிவிட்டது. எதிர்வீட்டுக்காரம்மாதான் முதலில் தன் பிள்ளைகளை நிறுத்தினாள். "சளிக்காக இல்ல. வாடகைக் காச முழுங்குதவ நம்ம பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுப்பா?" என்று தெருவில் நின்று சொன்னது எங்கள் ஜன்னலுக்குக் கேட்டது. டீச்சருக்கும் கேட்டிருக்கும். அதன் பிறகு ஒவ்வொன்றாக நின்றன. ஒரு சாயங்காலம் டீச்சர் பாயை விரித்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. மகளை மட்டும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். குரலை மட்டும் குறைக்கவே இல்லை.

உம்மா அடுத்து குளியலறையைப் பூட்டச் சொன்னாள். "பூட்டு போடுங்க. அவ எங்க போயிக் குளிக்கான்னு பாப்போம்." வாப்பா பஜாரில் போய்ப் பூட்டு வாங்கி வந்து மாட்டினார். சாவியை உம்மாவிடம் கொடுத்தார். நான் அன்றைக்குச் சாயங்காலம் பின்பக்கம் போனபோது பார்த்தேன். பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அமுக்கிப் பூட்டவில்லை. சும்மா கொக்கியில் கோர்த்துவிட்டிருந்தார். வாப்பாவுக்குப் பூட்டக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சர் விடியுமுன் எழுந்து அதைச் சத்தமில்லாமல் கழற்றிக் குளித்துவிட்டு, திரும்பவும் அப்படியே மாட்டிவிட்டுப் போவார் என்று பின்னால்தான் அவர் மகள் சொன்னாள்.

நாங்கள் இருவரும் அதற்குள் சிநேகமாகிவிட்டோம். துணிக்கயிற்றுக்கு அடியில் அவள் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சொட்டாங்கல் ஆடுவோம். உம்மா வரும் சத்தம் கேட்டால் கல்லைக் கைக்குள் மூடிக்கொண்டு அவரவர் பக்கம் திரும்பிக்கொள்வோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போயிருந்தாள். வாப்பா தினமும் போல "வேல விசயமா ஆளப் பாத்துட்டு வாரேன்" என்று காலையிலேயே போய்விட்டார். டீச்சர் மகளைக் குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப்போகப் புறப்பட்டார். நான் வாசலில் நின்றேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

"ஒங்க உம்மா ஏசுவாங்கட்டி" என்றார் டீச்சர். நான் அழுதுவிடுவேன் போல நின்றிருக்க வேண்டும். "சரி, வா" என்றார்.

அன்றைக்கு அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். தலையில் விழுந்த தண்ணீரில் மூச்சு முட்டியது. டீச்சர் எங்கள் இருவரையும் ஒரே கையால் சேர்த்துப் பிடித்திருந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வெளியே வந்து நடுங்கிக்கொண்டே பஜார் வழியாக நடந்தோம். வரிசையாகச் சிப்ஸ் கடைகள். தேங்காய் எண்ணெய் காயும் மணம் ஈரக்காற்றோடு முகத்தில் அடித்தது. ஒரு கடை வாசலில் பெரிய சட்டியின் முன்னால் ஒரு ஆள், ஜல்லிக்கரண்டியால் நேந்திரங்காய் சிப்ஸை அள்ளிக்கொண்டிருந்தார். மடித்துக் கட்டிய லுங்கி, தலையில் துண்டு, புகையில் சிவந்த கண். வாப்பா.

என்னைப் பார்த்ததும் கரண்டி அப்படியே நின்றது. பின்னால் டீச்சரைப் பார்த்தார். முதலாளியிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தார். ஒரு தாளில் சூடான சிப்ஸைச் சுற்றி என் கையில் கொடுத்தார். "இங்கன பாத்தத உம்மா கிட்டச் சொல்லாதட்டி" என்றார். பிறகு டீச்சரிடம் தலையை நிமிர்த்தாமல் பேசினார்.

"டீச்சர், இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க. நான் சொல்லிருதேன்."

டீச்சரின் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ ஒங்களுக்குத் தெரியுமாண்ணே?"

வாப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"தெரிஞ்சுக்கிட்டேவா ஒரே வீட்டுல இருக்கீங்க? என் பிள்ளைய வச்சுக்கிட்டு நான் ஒவ்வொரு நாளும் எப்படிப் போயி வாரேன்னு பாத்துக்கிட்டேவா?"

"சொல்லிருதேன் டீச்சர்."

"எப்போ?"

கடைக்குள்ளிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். சட்டியில் காய் கருகுகிறதாம். வாப்பா உள்ளே ஓடினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிப்ஸ் கடையில் வேலை பார்ப்பதை வாப்பா உம்மாவிடம் சொல்லப் போகிறார், அதைத்தான் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது டீச்சர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். சிப்ஸை அவர் தொடவில்லை.

வாப்பா சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க எனக்குத் தெரிந்து சில தடவை தொடங்கினார். "இங்கேரு, ஒரு விசயம்" என்பார். உம்மா நிமிர்ந்து பார்த்ததும், "மண்ணெண்ணெ இருக்கா?" என்று முடிப்பார்.

அதற்குள் உம்மா முடிவு செய்துவிட்டாள். மாமாவிடம் பேசி, சனிக்கிழமை காலையில் ஒரு லாரியும் இரண்டு சுமை தூக்குகிற ஆட்களும் வர ஏற்பாடு பண்ணினாள். மாமா தட்டிக்கழித்துப் பார்த்திருக்கிறார். உம்மா விடவில்லை. "நீங்க நேர்ல வந்து அவ மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. அதுக்குப் பொறவு அவ சாமான் தெருவுலதான்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை விடாமல் சாரல். லாரி வாசலில் வந்து நின்றதும் தெருவில் கதவுகள் திறந்தன. மாமா குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கயிற்றுத் துணிகளுக்கு அடியில் குனிந்து வந்து ஹாலில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சுமை தூக்குகிற ஆட்கள் வாசல்படியில் நின்றார்கள். வாப்பா சுவரோரம் நின்றார். டீச்சரின் மகள் அறைக்குள் பாயின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பள்ளிக்கூடப் பை. புறப்படத் தயாராக இருந்ததுபோல இருந்தாள்.

டீச்சர் அடுக்களையிலிருந்து வந்தார். மாமாவைப் பார்த்தார். "வாங்கண்ணாச்சி" என்றார். திரும்ப அடுக்களைக்குள் போய்விட்டார். ஸ்டவ் பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"என்னத்த வரவேற்பு வேண்டிக்கெடக்கு" என்றாள் உம்மா. "சொல்லுங்கண்ணே. அவ வரட்டும், சொல்லுங்க."

டீச்சர் ஒரு தம்ளர் டீயோடு வந்து மாமாவின் முன்னால் வைத்தார். "சீனி போடல அண்ணாச்சி. ஒங்களுக்குச் சுகர் கூடியிருக்குன்னு சொன்னீங்கள்லா, அதான்" என்றார்.

மாமா தம்ளரைத் தொடவில்லை.

உம்மா அந்தத் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவுக்குச் சர்க்கரை இருப்பது வெளியே யாருக்கும் தெரியாது. வியாபாரத்தில் வெளியே தெரியக்கூடாது என்று வீட்டில்கூட மெதுவாகத்தான் பேசுவார்கள். உம்மாவின் முகம் மாறுவதை நான் பார்த்தேன். முதலில் கோபம்தான் வந்தது, ஆனால் அது போய் உட்கார ஓர் இடம் கிடைக்கவில்லை.

"அண்ணே, இவ கதவையே தெறக்க மாட்டான்னீங்க. இவ வீட்டுல எத்தன தடவ டீ குடிச்சீங்க?"

மாமா மடக்கிய குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் கேக்கேன்ல்லா. வாடகையக் குடுத்தாளா, குடுக்கலியா?"

"அவரக் கேக்காத" என்றார் வாப்பா. "என்னயக் கேளு."

உம்மா திரும்பினாள்.

"எனக்குச் சம்பளம் நின்னு ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. கம்பெனி இப்போ மூடல, அப்பவே மூடிட்டான். வேற வேல கெடச்சிரும், கெடச்சிரும்னு அங்கனயே கெடந்தேன். மச்சானுக்குப் போன் போட்டு நாந்தான் சொன்னேன். டீச்சர் குடுக்குத வாடகைய நான் அனுப்புனதாச் சொல்லி ஒங்கிட்டக் குடுங்கன்னு. பத்தாததுக்கு அவரு கைக்காசப் போட்டுக் குடுத்தாரு."

உம்மா ஒரு கையால் கயிற்றைப் பிடித்தாள். துணிகள் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்தன.

"எதுக்கு?"

"நீ பயந்துருவேன்னுதான்."

"நான் பயந்துருவேன்னு." உம்மா அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். "நீங்க எதுக்குண்ணே இவ குடுக்கலன்னு சொன்னீங்க?"

"சாப்பாட்டுல வச்சு நீ திடீர்னு கேட்டுட்டே. வாய்ல வந்தது வந்துட்டு. மாப்பிள்ள பொறவு சொல்லிக்கிடுவாருன்னு இருந்தேன்."

"மச்சான் சொல்லிருவாருன்னு நான் இருந்தேன்" என்றார் வாப்பா.

"நீங்க ரெண்டு பேரும் இருந்தீங்க. இவ?" உம்மாவின் குரல் உயர்ந்தது. "இவள என்னன்னு நெனச்சீங்க? என்னயத் தெருத்தெருவாப் போயி இவளத் திருடின்னு சொல்ல விட்டுட்டு, அங்கன இருந்து பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

டீச்சர் அதுவரை அடுக்களை வாசலில்தான் நின்றார். அவர் அழவில்லை. "என் ட்யூஷன் பிள்ளைங்க பூராவும் போயிட்டாங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு உம்மாவிடம், "என் அட்வான்ஸக் குடுத்துருங்கக்கா. நான் போயிருதேன்" என்றார்.

கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்த ஹாலில் இருந்த எல்லாருக்கும் அது தெரியும்.

வாசலில் நின்ற ஆட்களில் ஒருவர், "அண்ணாச்சி, சாமான ஏத்தவா, வேண்டாமா? மழ வலுக்கு" என்றார்.

உம்மா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "ஏத்துங்கப்பா" என்றாள். "அந்தக் கட்டில ஏத்துங்க. இந்த சூட்கேஸ. இந்தத் துணியெல்லாம் அவுத்து ஒரு மூட்டையாக் கட்டுங்க."

"அது நம்ம சாமான்ட்டி" என்றார் மாமா.

"நம்ம சாமான்தான். இந்த வீட்டுக்குக் காசு குடுத்து இருக்கது அவ. நாமதான் காலி பண்ணணும்."

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமாவின் துணிக் குடோனுக்குப் பின்னால் ஒரு அறை சும்மா கிடந்தது. அதில்தான் போய் இருந்தோம். அண்ணனுக்கு வாடகை கொடுத்துத்தான் இருப்பேன் என்று உம்மா பிடிவாதம் பிடித்தாள், கொடுக்கவும் செய்தாள். வாப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார். அவர் சட்டையில் எப்போதும் எலுமிச்சை இலை மணம் இருக்கும். டேப் ரிக்கார்டர் அந்த மாதமே விலைக்குப் போனது, புலிக் கம்பளி எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. டீச்சர் அந்த வீட்டிலேயே இருந்தார். நான் பள்ளிப் படிப்பை முடிக்கும்வரை இருந்தார். மாதம் பிறந்தால் உம்மாவே போய் வாசலில் நின்று வாடகை வாங்கி வருவாள். டீச்சர் கொடுப்பார், உம்மா வாங்குவாள். உள்ளே வாங்க என்று அவர் ஒரு தடவையும் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று உம்மாவும் ஒரு தடவையும் குறைப்பட்டதில்லை. மாமா இறந்தபோது உம்மா ஒரு நாள் பூராவும் அழுதாள். தன்னைப் பட்டினி போடாமல் வைத்திருந்த மனிதர் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அதுவும் உண்மைதானே.

வாப்பாவின் மேல் எனக்கு இன்னும் தீராத வருத்தம் உண்டு. அவர் நல்லவர். பூட்டை அமுக்காமல் விட்டவர். ஆனால் அவருக்குத் தெரிந்த நல்லது அவ்வளவுதான். ஒருத்தி பயந்துவிடக்கூடாது என்று, இன்னொருத்தி அவமானப்படுவதை ஒரு சாரல் காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வயதில் நம் வீடுகளிலும் அப்படி எத்தனை நல்லவர்களைப் பார்த்துவிட்டோம்.

அந்தச் சனிக்கிழமைக்குத் திரும்புகிறேன். சாமான் எல்லாம் லாரியில் ஏறிவிட்டது. வாப்பா தம்பியை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மாமா குடை பிடித்து நின்றார். உம்மா லாரியில் ஏறவில்லை. என் கையைப் பிடித்தாள். "வாட்டி" என்றாள்.

தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாள். கதவைத் தட்டினாள். ஆள் வந்ததும், "டீச்சர் வாடகை பாக்கி வைக்கல. மாசா மாசம் குடுத்துருக்காங்க. நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன். பிள்ளைகள ட்யூஷனுக்கு அனுப்புங்க" என்றாள். பதிலுக்கு நிற்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அங்கேயும் அதே வார்த்தைகள். சிலர் தலையாட்டினார்கள். ஒரு வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் கதவு திறக்கவில்லை. உம்மா மூடிய கதவுக்கு முன்னால் நின்று, உள்ளே கேட்கும்படி முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். எங்கள் இருவரின் துணியும் உடம்போடு ஒட்டிவிட்டது. லாரி டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

எதிர்வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். அந்தம்மா கதவில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். உம்மா சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு லாரியையும் அதன் பக்கத்தில் குடையோடு நின்ற மாமாவையும் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"அவ குடுத்துட்டா. சரி. அப்போ அந்தக் காசெல்லாம் எங்கன போச்சு? ஒங்கண்ணனா...?"

"எங்கண்ணன் எடுக்கல" என்றாள் உம்மா.

"பொறவு?"

உம்மாவின் பிடி என் விரல்களை நெரித்தது. வாப்பாவின் பெயர் இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். லாரிக்குள் அவர் முகம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"நாங்கதான் தின்னோம்" என்றாள் உம்மா. "நானும் எம் பிள்ளைகளும். மாசா மாசம் அவ காசத்தான் தின்னோம்."

உம்மா படியை விட்டு இறங்கவில்லை.

"திங்கக்கிழமை சாயங்காலம் பிள்ளைகள அனுப்புவீங்களா?"

அந்தம்மா கதவிலிருந்து நிமிர்ந்தாள்.

"அனுப்புதேன்" என்றாள்.

அப்போதுதான் உம்மா என் கையை விட்டாள். விரல்கள் மரத்துப் போயிருந்தன.